தலைசுற்றினால் கழிவு வெளியேறுகிறது என்று அர்த்தமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 44. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஏழரைக்குத்தான் எழுந்திருப்பாராம். உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை, இரண்டு வருடமாகப் பிரஷருக்கு டெல்மிசார்டன். சில மாதங்களுக்கு முன் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1 என்று வந்தது. ரத்தத்தில் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 52, மூன்று மாதச் சர்க்கரை சராசரியான ஹெச்பிஏ1சி 6.1, தைராய்டின் டிஎஸ்ஹெச் 3.1. "கிரேடு 1 தானே, இப்போ யாருக்குத்தான் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவருக்கோ பயம் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஒரு '21 நாள் டீடாக்ஸ்' பெட்டியோடு வந்திருக்கிறார். விற்பவரும் அவர்தான். விலை 6,800 ரூபாய். காலையில் கீரைச் சாறு, அதில் ஒரு பொடி. மதியம் சுரைக்காய்ச் சாறு. இரவு மூலிகைத் தேநீர். கூடவே இரண்டு வேளை கேப்ஸ்யூல். டீ, காபி கூடாது. முதல் மூன்று நாள் கடுமையான தலைவலி. முதல் வாரம் முழுக்க நாலைந்து முறை பேதி, எழுந்தால் தலைசுற்றல். கறுப்பாக மலம் போனது. "எல்லாம் உள்ளே இருக்கிற கழிவு வெளியேறுகிற அறிகுறி" என்றாராம் நாத்தனார். 21 நாளில் 3.2 கிலோ குறைந்தது. அதன் பிறகு தேநீரை நிறுத்திவிட்டுக் கேப்ஸ்யூலையும் காலைச் சாற்றையும் மட்டும் தொடர்ந்தார். ஆறாவது வாரம் எடை 2.5 கிலோ திரும்பி வந்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 94, டிஎஸ்ஹெச் 9.4.

அடுத்த பெட்டி வரும் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். இந்த முறை தைராய்டு, பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்கிறார்களாம், "மாத்திரையும் கெமிக்கல்தானே" என்று. செய்யலாமா? சனிக்கிழமைகளில் குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை லிவர் டானிக் குடிக்கும் கணவருக்கும் இதைக் கொடுக்கலாமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தே தீர வேண்டும் என்கிற மாமியாருக்கு என்ன பதில் சொல்வது? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

விளக்கம் அப்புறம். முதலில் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசிவிடுவோம். இரண்டாவது பெட்டியைத் திறக்காதீர்கள். கேப்ஸ்யூலையும் பொடியையும் இன்றைக்கே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். போகும்போது பெட்டியின் லேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

52 ஆக இருந்த எஸ்ஜிபிடி 94 ஆனதைக் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். "கழிவு கரைந்து ரத்தத்தில் வருவதால் ஏறியிருக்கும்" என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி இல்லை. எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்களுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. அந்தச் செல்கள் அடிபடும்போது அது ரத்தத்துக்குக் கசிகிறது. எண் ஏறினால் ஏதோ ஒன்று கல்லீரலை முன்பைவிட அதிகமாக உரசுகிறது என்று பொருள்.

நீங்கள் பொறுமையாக எழுதி அனுப்பிய கேப்ஸ்யூல் லேபிளில் நான்கு பெயர்கள் என் கண்ணில் பட்டன: கிரீன் டீ சத்து, கொடம்புளிச் சத்து, மஞ்சள் சத்து, சீந்தில். நான்குமே சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவானவை. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பையிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டே பல மருத்துவமனைகளின் நோயாளிகளைச் சேர்த்து இன்னொரு ஆய்வு வந்தது. ரசத்தில் கொடம்புளி போடாதீர்கள், குழம்பில் மஞ்சள் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சமையலில் ஒரு சிட்டிகையாகச் சேரும் பொருளைச் செறிவாக்கி, மாத்திரை வடிவில், நாள் தவறாமல், வெறும் வயிற்றில் போடும்போது அது வேறு பொருள். கேப்ஸ்யூல்தான் காரணம் என்று கடிதத்தைப் படித்து நான் அடித்துச் சொல்லவும் முடியாது. அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை இதுவரை செய்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை. அதையும் செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் எஸ்ஜிபிடி இறங்குகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

தலைவலி, தலைசுற்றல், கறுப்பு மலம்

இந்த மூன்றையும் 'கழிவு வெளியேறும் அறிகுறி' என்று நம்பிப் பொறுத்துக்கொண்டீர்கள். இந்த வியாபாரத்தில் என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயம் இதுதான். உடம்பு சரியானால் பொருள் வேலை செய்கிறது, உடம்பு கெட்டாலும் பொருள் வேலை செய்கிறது! எந்தப் பக்கம் விழுந்தாலும் விற்பவருக்குத்தான் ஜெயம்.

முதல் மூன்று நாள் தலைவலிக்குக் காரணம் எளிது. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிற நீங்கள் ஒரேயடியாக நிறுத்தினீர்கள். காபின் திடீரென்று நின்றால் தலை வலிக்கும். சில நாளில் தானாகச் சரியாகிவிடும்.

தலைசுற்றல் அவ்வளவு லேசானதல்ல. இரவுத் தேநீரின் முதல் பொருள் நிலாவாரை. நிலவாகை என்றும் சொல்வார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் கரிசல் காட்டில் விளைந்து உலகம் முழுக்கப் போகிற சரக்கு. வெளிநாட்டு மருந்து நூல்களிலேயே அதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றுதான் பெயர். மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் கொடுக்க நல்ல மருந்து. நானும் எழுதிக் கொடுப்பதுண்டு. அது குடலைச் சுருக்கி விரித்துத் தள்ளும், அவ்வளவுதான். நஞ்சை அடையாளம் கண்டு பிடித்து வெளியே தள்ளுகிற திறமை அதற்குக் கிடையாது. தினமும் நாலைந்து முறை போனபோது உங்களிடமிருந்து வெளியேறியது தண்ணீரும் உப்புகளும். அந்த வற்றிய உடம்பில் டெல்மிசார்டனும் சேர்ந்து வேலை செய்தது. பிரஷர் இறங்கித் தலை சுற்றியிருக்கிறது. இதே கூட்டணி சிலருக்குச் சிறுநீரகத்தையே பாதித்துவிடும். இன்னொன்றும் உண்டு: டெல்மிசார்டன் போடுபவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு இருக்கிறது, கீரையையும் காயையும் சாறாகக் குடிப்பது பொட்டாசியத்தை மொத்தமாக ஊற்றுவதற்குச் சமம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இனி எப்போது வயிற்றுப்போக்கு வந்தாலும், அந்த நாட்களில் பிரஷர் மாத்திரையைத் தொடர்வதா, தள்ளி வைப்பதா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கறுப்பு மலத்துக்கு விடையும் உங்கள் லேபிளிலேயே இருக்கிறது. காலைப் பொடியில் இரும்புச்சத்து. இரும்பு மாத்திரை சாப்பிட்ட கர்ப்பிணிகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனால் பொடியை நிறுத்திய பிறகும் கறுப்பாக, தார் போலப் பிசுபிசுப்பாகப் போனால் அது குடலுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். அதை விட்டுவிடக் கூடாது. "வருடக்கணக்காகக் குடல் சுவரில் ஒட்டிக் கிடந்தது" என்பதற்கு வாய்ப்பே இல்லை. குடலின் உள் பூச்சு செல்கள் சில நாளுக்கொருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஒட்டிக்கொள்ளச் சுவரே நிலையாக இல்லை.

அந்தப் பொடியில் இரும்போடு கால்சியமும் இருக்கிறது. தைராய்டு மாத்திரை போட்ட பத்தாவது நிமிடம் அதைக் குடித்திருக்கிறீர்கள். இரண்டும் மாத்திரையைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறுவது டிஎஸ்ஹெச். அது 9.4 ஆனதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மாத்திரையின் அளவை அவசரப்பட்டுக் கூட்ட வேண்டியிருக்காது. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள். கால்சியம், இரும்பு எதுவானாலும் நான்கு மணி நேர இடைவெளி. ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் உங்கள் உடம்பே சுரக்க வேண்டிய ஹார்மோன். அதை நஞ்சு என்று நிறுத்தச் சொல்வது அறியாமை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல கேள்வி இருந்தது: "நாம் தின்னுகிற மருந்தடித்த காய்கறி, கலப்பட எண்ணெய், புகை எல்லாம் எங்கேதான் போகிறது?" கேள்வியில் தவறில்லை. நஞ்சு உண்மை. உடம்பு அதைக் குப்பைத்தொட்டி போல வருடக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது வந்து கொட்டுவார்கள் என்று காத்திருக்கிறது என்பதுதான் தவறான படம்.

கல்லீரலின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாகப் போகிறது. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு லிட்டராவது போயிருக்கும். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வேலை பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் சில நொதிகள் வேதிப்பொருளை உடைத்தோ, கொஞ்சம் மாற்றியோ வைக்கும். இரண்டாவது கட்டத்தில் அதோடு இன்னொரு மூலக்கூற்றைக் கோத்து, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, பித்தத்திலோ சிறுநீரிலோ அனுப்பிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் கட்டத்திலிருந்து வெளிவருவது சில சமயம் உள்ளே வந்ததைவிட மோசமான பொருளாக இருக்கும். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு அப்படித்தான் நஞ்சாக மாறுகிறது. குளுட்டதயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. அளவுக்கு மீறி மாத்திரை போட்டால் குளுட்டதயோன் கையிருப்பு தீர்ந்து கல்லீரல் கருகுகிறது. ஆகவே 'கல்லீரலின் வேகத்தைக் கூட்டும்' என்று லேபிளில் எழுதியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எந்தக் கட்டத்தின் வேகத்தை?

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகின்றன. வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். நச்சு நீக்கத்தில் அதற்கு உள்ள பங்கு மிகச் சிறியது. மருத்துவமனையிலும் நாங்கள் நச்சு நீக்கம் செய்கிறோம்தான். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ், ஈயம் ஏறியவருக்கு அதைப் பிடித்து வெளியேற்றும் மருந்து. ஒவ்வொன்றிலும் எந்த நஞ்சு, எவ்வளவு, இறங்கியதா என்று அளந்து பார்ப்போம். உங்கள் பெட்டியில் எந்த நஞ்சின் பெயராவது எழுதியிருக்கிறதா?

உரிம எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேபிளில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், தயாரிப்பவருக்கு உணவுத் தொழில் நடத்த உரிமம் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். பொருள் பலன் தரும் என்பதற்கு அது சான்று கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது. அதனால்தான் இவர்கள் 'கழிவு' என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு, மீதியை வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள்.

சுரைக்காய்ச் சாறு பற்றி ஒரு எச்சரிக்கை

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பெட்டி வாங்காதவர்கள்கூடப் பலர் இதை வீட்டில் செய்கிறார்கள். சுரைக்காய் எப்போதாவது கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நஞ்சு. கூட்டு வைக்கும்போது ஒரு வாய் வைத்ததுமே துப்பிவிடுவோம். சாறு குடிப்பவர், மருந்து என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளரையும் குடித்துவிடுவார். கடும் வாந்தி, ரத்தக் கசிவு, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் நம் நாட்டில் உயிரிழப்பே நடந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. கசந்தால் ஒரு சொட்டும் வேண்டாம். கீரைச் சாற்றிலும் சிக்கல் இருக்கிறது. பசலை போன்ற கீரைகளில் ஆக்சலேட் அதிகம். தினமும் பச்சையாக, லிட்டர் கணக்கில் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. கேரளத்தில் இரும்பன் புளிச் சாறு குடித்தவர்களுக்கும் இதே கதி நேர்ந்தது. கீரையைக் கடைந்து சாப்பிடுங்கள். மிக்ஸியில் அடித்து வடிகட்டும்போது, உங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்த நார்ச்சத்தைத்தான் குப்பையில் போடுகிறீர்கள்.

உங்கள் கல்லீரலுக்கு உண்மையில் என்ன வேண்டும்

கிரேடு 1 என்பதால் ஒன்றுமில்லை என்று அனுப்பியதும் தவறு. கல்லீரலைக் கழுவ வேண்டும் என்று பயமுறுத்தியதும் தவறு. உங்கள் கல்லீரலில் சேர்ந்திருப்பது கழிவு கிடையாது, கொழுப்பு. எரிக்க முடியாமல் மிஞ்சிய சர்க்கரையும் மாவும்கூட அப்படி மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஹெச்பிஏ1சி 6.1 என்பதும் அதே கதையின் அடுத்த வரி. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள். நல்ல சேதி, இந்தக் கொழுப்பு கரையும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். உங்களுக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோ, 7 சதவீதம் ஐந்து கிலோ. அதை ஆறு மாதத்தில் குறைத்தால் போதும். 21 நாளில் போன 3.2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருந்ததும்தான். அதனால்தான் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

குடிக்கும் சர்க்கரை. "நான் இனிப்பே சாப்பிடுவதில்லை டாக்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம் என்றால் நாளைக்கு 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளையோ பழுப்போ, கல்லீரலுக்கு நிறம் தெரியாது. முதல் மாதம் இதை மட்டும் செய்யுங்கள்: டீ மூன்று, சர்க்கரை அரை ஸ்பூன். பிறகு அதுவும் வேண்டாம். காபியை விட வேண்டியதில்லை. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் வரும் வாய்ப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை இல்லாமல் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடியுங்கள், மாலை நாலு மணிக்கு முன்னால்.

தட்டு. சோற்றை நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். தட்டில் பாதி பொரியலும் கூட்டும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. நார்ச்சத்துக்கும் நச்சு நீக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கல்லீரல் பித்தத்தில் கலந்து அனுப்புகிற பலவற்றைக் குடல் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். பித்த அமிலங்களில் ஏறக்குறைய 95 சதவீதம் இப்படித் திரும்பிவிடுகிறது. நார் அதில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். நீங்கள் தேடிய 'கழிவு நீக்கி' கொள்ளுச் சுண்டலிலும் அவரைக்காய்ப் பொரியலிலும் இருக்கிறது, 6,800 ரூபாய் கேட்காது. மாலை ஆறு மணிக்கு ஆபீசில் வருகிற பப்ஸுக்குப் பதிலாகக் காலையிலேயே ஒரு டப்பாவில் சுண்டலோ நிலக்கடலையோ கொண்டுபோங்கள்.

பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது. வாரத்துக்கு 150 நிமிட நடை என்று சொன்னால் உங்களுக்கு நேரமில்லை, தெரியும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடக்க முடியுமா? மதியம் பத்து, இரவு பத்து. தசை அசையும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அது தானே இழுத்துக்கொள்ளும். கல்லீரலுக்குப் போகிற மிச்சம் குறையும். ஆபீஸ் நாற்காலியில் கை வைக்காமல் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை செய்யுங்கள். எடை குறையாவிட்டால்கூட உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது.

தண்ணீர் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "ஆபீஸ் பாத்ரூம் மோசம், அதனால் தண்ணீர் குடிப்பதில்லை." எத்தனையோ பெண்கள் என் அறையில் இதையே சொல்லியிருக்கிறார்கள். நாலு லிட்டர் குடியுங்கள் என்று விளம்பரத்தில் சொல்வது ஒரு கோடி, பகல் முழுக்க வாய் நனைக்காமல் இருப்பது மறு கோடி. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடித்தால் போதும். வெயில் காலத்தில் கூடுதலாக. கழிப்பறையைச் சுத்தமாக வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பது உங்கள் உரிமை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள். உங்கள் சிறுநீரகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி எந்தப் பொடியாலும் செய்ய முடியாது.

தூக்கம் ஐந்தரை மணி நேரம் என்கிறீர்கள். இரவு பத்து மணிச் சாப்பாட்டை எட்டரைக்குக் கொண்டுவாருங்கள், தூக்கம் தானாகக் கொஞ்சம் முன்னால் நகரும். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், உள்ளே வந்ததை வெளியேற்றுவதைவிட வராமல் தடுப்பது சுலபம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை 'அந்த ஒன்றை மட்டும்' பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை வறுக்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைக்காதீர்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்காதீர்கள். மூடிய அறையில் கொசுவத்தி வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். காய்கறியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். லேபிள் இல்லாத சூரணங்களில் ஈயமும் பாதரசமும் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. 'கழிவு நீக்க' வாங்கியதிலேயே கழிவு வந்துவிடக் கூடாது.

கணவருக்கும் பிள்ளைகளுக்கும்

உங்கள் கணவரின் சனிக்கிழமைக் குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கையாளும். இரவு பதினொரு மணிக்கு முடித்தால் ஞாயிறு காலை ஏழு வரை அது வேலை பார்த்துக்கொண்டிருக்கும். டானிக்கோ, எலுமிச்சையோ, உங்கள் பெட்டியோ அந்த வேகத்தைக் கூட்டாது. டானிக்கால் ஒரு தீமைதான் நடக்கிறது: 'அதான் குடிச்சாச்சே' என்று அடுத்த சனிக்கிழமைக்கு மனது தயாராகிவிடுகிறது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமாலை வரிசையாகப் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். காரணம் மேலே இருக்கிறது. சண்டை போட வேண்டாம். அவருக்கும் ஒரு கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். அறிவுரைக்கு மசியாத ஆண்கள் அச்சடித்த எண்ணுக்கு மசிவதைப் பார்த்திருக்கிறேன்.

மாமியார் விஷயத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. எங்கள் வீட்டிலும் ஆத்தா விடுமுறை நாளாகப் பார்த்து விடியற்காலையில் எழுப்பி, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவார். நாலு முறை போய்வந்த பிறகு மதியம் கிடைக்கும் ரசஞ்சோற்றுக்கு இருந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. வெறுங்காலோடு திரிந்து, வயிற்றில் பூச்சியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர்கள் கையில் இருந்த வழி அது. இன்று பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசியக் குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நீங்க சொன்ன ஆறு மாசக் கணக்கு சரிதாங்க அத்தை, இப்ப அதைப் பள்ளிக்கூடத்துலயே மாத்திரையா குடுத்தர்றாங்க." ஏழு வயதுப் பிள்ளைக்குப் பேதி கொடுத்து உடம்பு வற்ற வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவரும் நம்பித்தான் விற்கிறார் என்று எழுதியிருப்பது உங்கள் நல்ல மனது. விவாதம் செய்யாதீர்கள். பழியை என் மேல் போடுங்கள்: "ரத்தத்துல கல்லீரல் எண் ஏறிடுச்சு அண்ணி, டாக்டர் எதையுமே தொடக்கூடாதுன்னுட்டார்." திறக்காத இரண்டாவது பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேளுங்கள். அவரும் அதே கேப்ஸ்யூலைச் சாப்பிடுகிறார் என்றால் ஒரு எஸ்ஜிபிடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து எடுக்க வேண்டியவை: எஸ்ஜிபிடி, அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி, பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, டிஎஸ்ஹெச். எஸ்ஜிபிடி அமைதியான பிறகு, முதல் மூன்றையும் உங்கள் வயதையும் வைத்துக் கல்லீரலில் தழும்பு இருக்கிறதா என்று மருத்துவர் ஒரு கணக்கு போடுவார். அதற்கு 'ஃபிப்-4' என்று பெயர். விடை 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, அதற்கு மேல் என்றால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டிவரும். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.